பந்தலுக்குக் கீழே தெரிந்த கால்கள்

எழுதிப் பழக்கமில்லாதவள் நான். அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. ஒன்றை எழுதிக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று மறந்துபோகிறது. முன்னால் நடந்ததைப் பின்னால் வைத்துவிடுகிறேன். நாலு பேர் படிக்கிற இடத்தில் என் எழுத்து வரும் என்று நினைத்தாலே வேர்க்கிறது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். டாக்டரம்மா மதுரையில் தவறிப்போனார் என்று போன மாதம்தான் தெரிய வந்தது. அவர் பாடம் நடத்திய கல்லூரியில் அவரைப் பற்றி நன்றாகவே எழுதுவார்கள். கம்பத்துக்குப் பக்கத்தில் ஒரு திராட்சைத் தோட்டத்துக்கு வந்து அவர் செய்ததை எழுத என்னை விட்டால் ஆள் இல்லை.

அவரை நினைத்தால் முதலில் கண்ணுக்கு வருவது அவர் மண்ணில் உட்கார்ந்ததுதான். அன்று காலையில்தான் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சியிருந்தார்கள். கட்டியிருந்தது மாம்பழ நிறத்தில் புள்ளி வைத்த சுங்குடிச் சேலை. கஞ்சி போட்டுத் தேய்த்தது. நான் அழுதுகொண்டு வரப்பில் உட்கார்ந்திருந்தேன். இன்ஸ்பெக்டர் ஐயா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அம்மா அதை வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு என் பக்கத்தில் அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார். எதிரில் உட்காரவில்லை, பக்கத்தில். நான் எங்கே பார்த்துக்கொண்டிருந்தேனோ அவரும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அப்போது ஓடிய நினைப்பு, இந்தச் சேலையில் ஏறிய கறை போகாதே என்பதுதான். ஒரு மனுசனைக் கொலைக் கேசில் உள்ளே தள்ளிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன், சேலைக் கறையை நினைக்கிறேன். மனசு அப்படித்தான் இருக்கிறது.

எங்கள் பக்கத்துத் திராட்சையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, அதன் மேல் கொடியை ஏற்றியிருப்பார்கள். பந்தல் ஆள் உயரம்தான். இலை அடர்ந்து குலையும் இறங்கிவிட்டால் பத்தடி தள்ளி நிற்கிறவருடைய தலை தெரியாது. இடுப்புக்குக் கீழேதான் தெரியும். நாள் முழுக்க அண்ணாந்து, நெருக்கமாக இருக்கிற பிஞ்சைக் கத்தரிக்கோலால் கழித்துவிடுவது எங்கள் வேலை. கழுத்து கடுத்துக் குனிந்தால் கண்ணில் படுவதெல்லாம் கால்தான். அதனால் எங்கள் கூட்டத்தில் எல்லோரும் ஆளைக் காலை வைத்தே சொல்லிவிடுவோம். முதலாளி வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குதிகாலை ஊன்றாமல் நடப்பார். கணக்குப்பிள்ளைக்குப் பாதம் வெளியே பார்த்திருக்கும். "முதலாளி வாராக, கதையை நிப்பாட்டுங்கடி" என்று முதலில் சொல்கிறவள் நான்தான். வேறு எதிலும் எனக்குப் பேர் கிடையாது. சபையில் வாய் திறக்க மாட்டேன், யாராவது உரக்கக் கேட்டால் தலையை ஆட்டிவிடுவேன். இந்தக் கால் அடையாளத்தில் மட்டும் நான் தவறியதில்லை என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு மத்தியானச் சோறு முடிந்து மறுபடி வேலையில் இறங்கிய நேரம். நான் கடைசி வரிசையில், மோட்டார் ரூமுக்கு அருகில், தனியாக நின்றேன். கழுத்தைத் தேய்த்துக்கொண்டு குனிந்தபோது, மோட்டார் ரூம் பக்கமிருந்து வாய்க்கால் பக்கமாக இரண்டு கால்கள் போயின. கட்டம் போட்ட கைலி. இடது காலை இழுத்து இழுத்து வைத்த நடை. மருந்தடிக்கிற தம்பி போகிறார் என்று நினைத்துக்கொண்டு மறுபடி அண்ணாந்துவிட்டேன். அந்தத் தம்பிக்கு ஒருதரம் டிராக்டரிலிருந்து விழுந்து இடது காலில் எலும்பு முறிந்து, சேர்ந்தபிறகும் கொஞ்சம் இழுக்கும். பார்த்தது அவ்வளவுதான். மூன்று எண்ணி முடிக்கிற நேரம்கூட இருக்காது. ஒரு மணி நேரம் கழித்து மோட்டார் ரூமில் கூச்சல் கேட்டது. தோட்டத்துக் காவல்காரர், எனக்கு அண்ணன் முறை, மண்டை உடைந்து கிடந்தார். தேனி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கண் முழிக்கவே இல்லை. மூன்றாம் நாள் முடிந்துவிட்டது.

சம்பவம் நடந்த அன்று சாயங்காலம் ஆட்டோவில் ஒன்பது பேர் நெருக்கியடித்துத் திரும்பினோம். ஆள் கூட்டி வருகிற அக்காதான் ஆரம்பித்தார். "யாரா இருக்கும்கிற? முந்தாநாத்து அந்த மருந்தடிக்கிறவன் அண்ணன்கூட மல்லுக்கு நிக்கலையா? பொம்பளையாளு நிக்கைல காத்துக்கு எதுக்க மருந்தடிக்கிறயேன்னு அண்ணன் நாலு வார்த்தை ஏசுனாக. உன்னைய ஒருநா பாத்துக்கிறேன்னுட்டுப் போனான்ல?" சண்டை எங்கள் கண் முன்னால்தான் நடந்தது. எனக்கு எங்கிருந்துதான் வாய் வந்ததோ, "அந்நேரத்துக்கு அவரு மோட்டார் ரூம் பக்கமிருந்து போனாருக்கா. நான் பாத்தேன்" என்றேன். ஆட்டோவில் இரைச்சல் நின்றது. எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். "ஏ ஆத்தா, பாத்தியா? நெசமா பாத்தியா?" என்று அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். எழுதக் கூச்சமாக இருக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன். என் வாழ்நாளில் நான் பேசியதை ஒன்பது பேர் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டது அன்றைக்குத்தான். எட்டுப் பேரும் ஆட்டோ ஓட்டுகிற அண்ணனும். வீடு வருவதற்குள் அதை மூன்று தரம் சொல்லிவிட்டேன். மூன்றாம் தரம் சொல்லும்போது முதல் தரத்தைவிட நன்றாகச் சொன்னேன்.

மறுநாள் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். இன்ஸ்பெக்டர் ஐயாவைப் பற்றி ஒரு சொல் தப்பாகச் சொல்ல மாட்டேன். மிரட்டவில்லை, அதட்டவில்லை. டீ வரவழைத்துக் கொடுத்தார். "பயப்படாதம்மா, உன்னைய மாதிரி ஒரு சாட்சி கிடைச்சது எங்க அதிர்ஷ்டம்" என்றார். அதுதான் என்னைக் கட்டிப்போட்டது. "மருந்தடிக்கிறவன்தானம்மா?" ஆமாய்யா. "முகத்தைப் பாத்தல்ல?" ஆமாய்யா. "திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே போயிருப்பானே?" ஆமாய்யா. "வேர்த்து விறுவிறுத்து?" ஆமாய்யா. ஒவ்வோர் ஆமாவுக்கும் ஏட்டையா ஒரு வரி எழுதினார். அந்தக் கேள்விக்கெல்லாம் இல்லை என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. பெரியவர்கள் ஒன்றைக் கேட்டால் அது அவர்களுக்குத் தெரிந்துதான் கேட்கிறார்கள் என்றே வளர்ந்தவள். இதில் பயங்கரம் என்னவென்றால், அங்கிருந்து வெளியே வந்தபிறகு அந்த முகம் எனக்கு உண்மையாகவே தெரிந்தது. இலைக்கு நடுவில், நெற்றியில் வேர்வையோடு, என்னைத் திரும்பிப் பார்க்கிற முகம். யாராவது சூடத்தை ஏற்றிச் சத்தியம் கேட்டிருந்தாலும் அதை அடித்துச் சத்தியம் செய்திருப்பேன். பொய் சொல்கிறோம் என்கிற நினைப்பே இல்லை.

தம்பியை அன்று மாலையே பிடித்துக்கொண்டு போனார்கள். காய்ச்சல் என்று வீட்டில் படுத்துக் கிடந்தேன் என்றாராம். வீட்டில் பெண்டாட்டியைத் தவிர வேறு ஆள் இல்லை. பெண்டாட்டி சொல்வதை யார் எடுத்துக்கொள்வார்கள்? அந்தப் பெண் அதற்குப்பிறகு தினமும் காலையில் நாங்கள் ஆட்டோ ஏறுகிற இடத்துக்கு எதிரே வந்து நிற்பாள். ஏசமாட்டாள், அழமாட்டாள். என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள். ஆட்டோ கிளம்பினால் போய்விடுவாள். "அவ கெடக்கா, நீ இங்கிட்டுத் திரும்பு" என்று அக்கா என் தலையை மறுபக்கம் திருப்பிவிடுவார்.

பத்துப் பன்னிரண்டு நாள் போயிருக்கும். போலீஸ்காரர்களுக்கு வகுப்பு எடுக்கத் தேனிக்கு ஓர் அம்மா வந்திருக்கிறார், மனோதத்துவம் படித்தவர், இந்தக் கேஸ் காகிதத்தைப் பெரிய அதிகாரி அவரிடம் காட்டினார், உன்னைப் பார்க்க வேண்டும் என்கிறார் என்று ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்தது. எங்கள் ஆட்களுக்கு அது போதாதா? "உனக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கான்னு பாக்க டாக்டரக் கூட்டியாந்திருக்காகளாம். ஊசி போட்டா எங்களுக்கும் ரெண்டு போடச் சொல்லு" என்று ஆட்டோவில் ஒரே சிரிப்பு. போனால், நரைத்த தலையோடு ஓர் ஒல்லியான அம்மா. என் வயதைக் கேட்டுவிட்டு, "அப்ப நீங்க எனக்கு ரெண்டு வருசம் மூத்தவங்க, அக்கான்னே கூப்பிடுறேன்" என்றார். அறையில் இருந்த போலீஸ்காரர்களை வெளியே போகச் சொன்னார். நாற்காலியை மேசைக்கு இந்தப் பக்கம் இழுத்துப் போட்டார். "அங்க என்ன நடந்துச்சுன்னு எனக்குத் தெரியாதுக்கா. நீங்கதான் எனக்குச் சொல்லணும். தெரியாததைத் தெரியலைன்னு சொன்னா யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க" என்றார். நான் தலையை ஆட்டினேன். பிறகு வீடு, பிள்ளைகள், முழங்கால் வலி என்று என்னென்னவோ பேசினார். பேச்சோடு பேச்சாக, "உள்ள வரும்போது வாசல்ல ஒரு சிவப்புக் காரு வழிய மறிச்சு நின்னுச்சே, கவனிச்சீங்களா?" என்றார். "ஆமாம்மா" என்றேன். "உள்ள ஆள் இருந்தாங்களா?" "ஆமாம்மா, ஒருத்தர் இருந்தாரு."

அவர் எழுந்து என் கையைப் பிடித்து வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். காரும் இல்லை, ஒன்றும் இல்லை. வாசலில் பறிமுதல் செய்த மணல் வண்டிகள் மட்டும் வரிசையாக நின்று துருப்பிடித்துக் கிடந்தன. கார் நுழைய வழியே கிடையாது. "மன்னிச்சிருங்கக்கா, உங்களை ஏமாத்திட்டேன். அப்படிக் காரே நிக்கல. ஏன் ஆமான்னு சொன்னீங்க?" எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "நீங்க பெரியவுக கேக்கும்போது இல்லைன்னு எப்படிம்மா சொல்றது?" என்றேன். அவர் என்னை மறுபடி உள்ளே கூட்டிக்கொண்டு போனார். மேசையில் கிடந்த என் வாக்குமூலத்தை எடுத்து எத்தனை ஆமா இருக்கிறது என்று பார்க்கிறவர் மாதிரி ஒரு தடவை விரலை ஓட்டினார்.

மறுநாள் தோட்டம். சம்பவம் நடந்த அதே நேரம், அதே கடைசி வரிசை. தோட்டத்துப் பாதையில் போலீஸ் வேன் வந்து நின்ற சத்தம் கேட்டது. அதில் தம்பியைக் கூட்டிவந்திருக்கிறார்கள் என்று எனக்கு நானே நினைத்துக்கொண்டேன். யாரும் அப்படிச் சொல்லவில்லை. டாக்டரம்மா என் பக்கத்தில் நின்று, "இப்ப சில பேர் அந்தப் பக்கம் நடந்து போவாங்க. அதுல அவரு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லணும்" என்றார். ஒவ்வொருவராகப் போனார்கள். எல்லோருக்கும் கட்டம் போட்ட கைலி, எல்லோரும் வெறுங்கால். பந்தல் தலையை மறைத்திருந்தது. முதல் கால் இல்லை. இரண்டாவது இல்லை. மூன்றாவது இல்லை. நாலாவது கால் வந்தது பாருங்கள், இடதை மெல்ல இழுத்து, பயந்து பயந்து ஊன்றி. என் மேல் முழுக்கச் சிலிர்த்துவிட்டது. அந்த முகமே இலைக்கு நடுவில் தெரிந்தது. "இதாம்மா! இவருதான்! சாமி சத்தியமா இவருதான்" என்று நான் கத்தியேவிட்டேன். நான் கத்தி யாரும் பார்த்ததில்லை.

பந்தலுக்கு அடியில் குனிந்துகொண்டு அந்தக் காலுக்குச் சொந்தக்காரர் வெளியே வந்தார். ஸ்டேஷனில் புதிதாக வந்திருந்த போலீஸ்காரர். போடியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவராம், வெறுங்காலோடு தோட்டத்தில் நடந்ததே இல்லையாம். கவாத்தில் கொடியை வெட்டிப்போட்ட குச்சி ஒன்று உள்ளங்காலில் ஏறியிருக்கிறது. "ஏ ஆத்தா! வைகாசில எனக்குக் கல்யாணம் வச்சிருக்காக. இப்படிக் கொலைக் கேஸ்ல கோத்துவிட்டுட்டியே!" என்று ஒற்றைக்காலில் நின்று குச்சியைப் பிடுங்கினார். நடந்த ஆட்கள் எல்லாம் சிரித்தார்கள். நானும் பாதி சிரித்தேன். சிரித்துக்கொண்டே வேன் பக்கம் பார்த்தேன். தம்பி அதிலிருந்து இறங்குவார் என்று பார்த்தேன். "அவரு இங்க வரலைக்கா. தேனி ஜெயில்லதான் இருக்காரு" என்றார் டாக்டரம்மா. இன்ஸ்பெக்டர் ஐயா மட்டும் சிரிக்கவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தார்.

நான் பார்த்த முகம் இந்தப் போலீஸ்காரருடைய கால் மேல் எப்படி வந்து உட்கார்ந்தது? வரப்பில் சரிந்துவிட்டேன். அப்போதுதான் டாக்டரம்மா சேற்றில் உட்கார்ந்தது. அழுகை ஓயும்வரை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பிறகு, "கண்ணை மூடிக்கோங்க. அன்னிக்குச் சோறு உண்டதிலிருந்து சொல்லுங்க. யாரைப் பாத்தீங்கன்னு சொல்ல வேணாம். வெயில் எப்படி இருந்துச்சு, என்ன வாடை, என்ன சத்தம், கையில என்ன வச்சிருந்தீங்க, எது வந்தாலும் சொல்லுங்க. நான் குறுக்க பேச மாட்டேன்" என்றார். சொன்னார், அப்படியே இருந்தார். நான் சொல்லிக்கொண்டே போனேன். மிளகாய்த் துவையல், கத்தரிக்கோல் திருகு கழன்றது, மோட்டார் ஓடாமல் இருந்தது. மோட்டார் ஓடாததால் தோட்டமே அமைதியாக இருந்தது. அந்த அமைதியில் ஒரு சத்தம். சரக், சரக், சரக். செருப்பை இழுக்கிற சத்தம். வார் அறுந்த செருப்பைக் கால் விரலால் கவ்விக்கொண்டு நடந்தால் வருமே, அது. நான் கண்ணைத் திறந்துவிட்டேன். மருந்தடிக்கிற தம்பி தோட்டத்துக்குள் செருப்புப் போட்டு நான் பார்த்ததில்லை. மருந்தடித்தால் முழங்கால் வரைக்கும் பூட்ஸ், இல்லாவிட்டால் வெறுங்கால். நாங்களுமே செருப்பைத் தோட்டத்துக் கேட்டுக்கு வெளியே விட்டுவிட்டுத்தான் போவோம்.

"முகம்?" என்று மட்டும் கேட்டார். தெரிகிறது என்றேன். "சரி. அந்த முகம் எப்ப வந்துச்சுக்கா? இந்த வரிசையில நிக்கும்போதா, இல்ல அதுக்கப்புறமா?" அதை எனக்கு யாரும் கேட்டதில்லை. ஒரு பொருள் வீட்டில் இருக்கிறது, அது எந்த நாளில் வீட்டுக்கு வந்தது என்று கேட்கிற மாதிரி. நான் பின்னோக்கிப் போய்ப் போய்ப் பார்த்தேன். வரிசையில் முகம் இல்லை. மோட்டார் ரூமில் கூச்சல் கேட்டபோது இல்லை. ஆட்டோவில் ஏறியபோது இல்லை. அக்கா தம்பி பேச்சை எடுத்தபோது லேசாக வந்தது. ஸ்டேஷனில் டீ குடித்தபோது வேர்வையோடு வந்தது. "ஆட்டோவுலம்மா" என்றேன். அவர் தலையாட்டினார். "உங்க மேல தப்பில்லக்கா. மனசு அறை பிரிச்ச பெட்டி இல்ல. கேட்டதையும் பாத்ததையும் ஒண்ணாவே போட்டு வச்சுக்கும்" என்றார். தப்பில்லை என்று அவர் சொன்னதை நான் இன்றுவரை முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை.

இன்ஸ்பெக்டர் ஐயா தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "மேடம், இந்தம்மா ஒருத்திதான் என் சாட்சி. இதுவும் போச்சுன்னா என் கையில ஒண்ணுமில்ல." டாக்டரம்மா சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டே, "ஒண்ணுமில்லைன்னு தெரிஞ்சாத்தான சார் தேட ஆரம்பிப்பீங்க? அந்தச் செருப்பையும் அப்படியே நம்பிடாதீங்க. அவங்க அப்படிச் சொன்னாங்க, அவ்வளவுதான். போய்ப் பாருங்க" என்றார். என்னிடம் திரும்பி, "வர்ற வாரம் உத்தமபாளையம் கோர்ட்டுல மாஜிஸ்திரேட் உங்களைக் கேப்பாரு. என்ன சொல்லணும்னு நான் சொல்ல மாட்டேன். நான் சொன்னா அதுவும் அந்த ஆட்டோ மாதிரிதான்" என்றார்.

அந்த ஒரு வாரம் நான் பட்டதை எழுத வராது. காவல்காரருடைய சம்சாரம் எனக்கு மதினி. என் பிரசவத்துக்கெல்லாம் கூட இருந்தவர். கோர்ட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் எனக்கு முன்னாலேயே வந்து நின்றார். பொட்டை அழித்து முப்பது நாள்கூட ஆகாத நெற்றி. என் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். "என்னமோ மாத்திச் சொல்லப்போறேன்னு பேசிக்கிறாகளே, நெசமா? அவன் வெளிய வந்தா அதே தோட்டத்துல அதே மருந்து டேங்கைத் தூக்கிக்கிட்டு நடப்பான். அதை நான் பாக்கணுமா? நீ கண்ணால பாத்தவ. எனக்காக அதை மட்டும் சொல்லிப்புடு, ஆத்தா." ஆமா மதினி என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அது எனக்குப் பழகிப்போன சொல். எதிரே ரோட்டில் தம்பியின் பெண்டாட்டி வழக்கம்போல நின்றுகொண்டிருந்தாள். "தண்ணி குடிச்சிட்டு வாரேன் மதினி" என்று கையை உருவிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

மாஜிஸ்திரேட் சின்ன வயசுக்காரர். எல்லோரையும் வெளியே அனுப்பினார். யாராவது இப்படித்தான் சொல்ல வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்களா என்று கேட்டார். "இல்லைய்யா" என்றேன். பெரிய இடத்தில் நான் சொன்ன முதல் இல்லை அதுதான். அதற்குப்பிறகு மற்றதெல்லாம் வந்துவிட்டது. காலைத்தான் பார்த்தேன், முகத்தைப் பார்க்கவில்லை, காலும் யாருடையது என்று எனக்குத் தெரியாது, ஸ்டேஷனில் சொன்னது நான் பார்த்ததல்ல, கேட்டது. "அப்ப ஏம்மா அங்க அப்படிச் சொன்ன?" என்றார். "கேட்டாக, ஆமான்னேன்யா" என்றேன். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை நிறுத்தி என்னை ஒருமுறை பார்த்துவிட்டு எழுதினார். கையெழுத்துப் போடும்போது என் பேரில் ஓர் எழுத்தை விட்டுவிட்டேன்.

வெளியே வந்தபோது மதினி என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார். சேலை முந்தானையை இழுத்து வாயில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தார். அதற்குப்பிறகு அவர் சாகும்வரை என் வீட்டுப் படி ஏறவில்லை. இரண்டு மாதம் கழித்து, வாய்க்கால் தண்ணீர் முறைக்காகக் காவல்கார அண்ணனோடு வெகுநாளாக மோதிக்கொண்டிருந்த பக்கத்துத் தோட்டத்து ஆள் பிடிபட்டு ஒத்துக்கொண்டார். செருப்பைப் பற்றி அவரிடம் கேட்டார்களா என்று எனக்குத் தெரியாது. ஆள் பிடிபட்டபிறகும் மதினி வரவில்லை. நான் முதலில் ஒன்றும் நிச்சயமாகத் தெரியாது என்று சொல்லியிருந்தால், புருசனுக்குக் காரியம் செய்த நாளில் தப்பான ஆளைச் சபித்துக்கொண்டிருந்திருக்க மாட்டார் அல்லவா.

டாக்டரம்மா அதற்குப்பிறகு ஒருதரம் போன் செய்தார். "போலீஸ்காரங்களுக்கு வகுப்பு எடுக்கையில உங்க பேரைச் சொல்லாம உங்க கதையைச் சொல்றேன்க்கா, பரவாயில்லையா?" என்றார். "ஆமாம்மா, சொல்லுங்க" என்றேன். அந்தப் பக்கம் சிரித்தார். "இது நெசமான ஆமாவா, சிவப்புக் காரு ஆமாவா?" நானும் சிரித்துவிட்டு, "நெசமான ஆமாதாம்மா" என்றேன். என் ஆமாவில் இரண்டு வகை இருக்கிறது என்று எனக்கு எடுத்துக்காட்டியவர் அவர். அடுத்த வீட்டுக்காரர் வந்து, நேற்று உன் வாசலில் யார் நின்றது என்று கேட்டால்கூட இப்போதெல்லாம் பதில் சொல்ல எனக்கு நேரமாகிறது. பார்த்தேனா, யாராவது சொன்னார்களா என்று பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறக்கிறேன். கிழவிக்குக் காது மந்தம் என்று நினைக்கிறார்கள்.

மருந்தடிக்கிற தம்பி வெளியே வந்தபிறகு எங்கள் தோட்டத்துக்கு வரவில்லை. சின்னமனூர்ப் பக்கம் வாழைக்கு வேலைக்குப் போய்விட்டார். கம்பத்தில் சந்தைக்கு அருகே ஒருநாள் எதிரும் புதிருமாகப் பார்த்துவிட்டோம். நான் ஒதுங்க இடமில்லை. "தம்பி" என்றேன். அவர் நின்றார். மெலிந்துபோயிருந்தார். "என்னைய உள்ள வச்சதும் நீதான், வெளிய விட்டதும் நீதான். உன்கிட்ட என்னத்தச் சொல்றது?" என்றார். பிறகு போகிற போக்கில், "சரி விடுக்கா" என்றார்.

படிக்கிறவர்களில் அந்தப் பக்கத்து ஆட்கள் இருந்தால், நான் எழுதியதைச் சரிபார்த்துச் சொல்ல வேண்டும். பந்தலில் நடந்தவர்கள் ஆறு பேரா, ஏழு பேரா என்று அந்தப் போலீஸ்காரருக்குத் தெரியும். வேப்பமரமா, புங்கமரமா என்று கோர்ட்டில் பார்த்துக்கொள்ளலாம். அதெல்லாம் மாறினாலும் பெரிய குற்றமில்லை. ஒன்று மட்டும் கட்டாயம் பார்க்க வேண்டும். "உன்கிட்ட என்னத்தச் சொல்றது" என்று அந்தத் தம்பி சொன்னது நிச்சயம், அது சந்தையில் நின்றபோதே என் காதில் விழுந்தது. "சரி விடுக்கா" என்றது எப்போது வந்தது என்று நானும் பின்னோக்கிப் போய்ப் போய்ப் பார்க்கிறேன், இடம் அகப்படவில்லை. நேரில் போய்க் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. யாராவது சின்னமனூர்ப் பக்கம் போனால் அவரைக் கேளுங்கள். சொல்லவில்லை என்றாரானால் அந்த வரியை அடித்துவிடுங்கள். வயசானவள் ஆசைப்பட்டு எழுதினாள் என்று விட்டுவைக்க வேண்டாம்.